முழுப் படமும் சிரிக்க வேண்டும் என்றால்: ஒரு பழைய ஆப்பரேட்டரின் பதில்

"உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ் காமெடிப் படங்கள் எவை?" என்பதுதான் நீங்கள் போட்ட கேள்வி. ஆனால் அதற்குக் கீழே விளக்கமாக எழுதிய நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. போனில் துண்டு துண்டாகப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த காமெடியை நம்பி, ஞாயிற்றுக்கிழமை எழுபது வயது அப்பாவையும் பன்னிரண்டு வயது மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் படத்தை முழுதாகப் போட்டிருக்கிறீர்கள். முக்கால் மணி நேரத்தில் அப்பா தூங்கிவிட்டார், மகள் எழுந்து போய்விட்டாள். ஆக, நீங்கள் தேடுவது காமெடி இருக்கிற படம் இல்லை, படமே காமெடியாக இருக்கிற படம். இரண்டும் வேறு வேறு சரக்கு. தமிழில் முதல் வகை மலைபோல் குவிந்து கிடக்கிறது. இரண்டாவது வகையை விரல்விட்டு எண்ணலாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

நான் விமர்சகன் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர்த் தியேட்டரில் 1984-லிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் ஆப்பரேட்டராக இருந்தேன். கேபினில் இரண்டு மிஷின். 2000 அடி ரீல் ஒன்று ஓடி முடிய இருபத்திரண்டு நிமிடம். அது முடிவதற்குள் அடுத்த மிஷினில் அடுத்த ரீலை மாட்டி, கார்பன் குச்சியைச் சரிபார்த்து, திரையின் வலது மேல் மூலையில் புள்ளி விழும் நொடியில் மாற்றிவிட வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சின்ன ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்ப்பதுதான் வேலை. சண்டைப் படமோ அழுகைப் படமோ ஓடினால் மிஷின் சத்தத்தில் கீழே நடப்பது எதுவும் கேட்காது. சிரிப்பு மட்டும் கேபினுக்குள் ஏறி வரும். ஒரு படம் மூன்றாவது நாளைத் தாண்டிவிட்டால், எந்த வசனத்தின் எந்த எழுத்தில் சிரிப்பு கிளம்பும், எத்தனை நொடியில் அடங்கும் என்பது பாடமாகிவிடும். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தக் காதுக் கணக்கில் வந்தது.

அங்கே கற்ற பாடம் ஒன்று உண்டு. இரண்டாவது ஆட்டம் தாமதமாகிவிட்டால், ஒரு ரீலைக் குறைத்து ஓட்டச் சொல்லிக் கீழேயிருந்து ஆள் வரும். அப்போது பல ஊர்களில் இது சகஜம். பாட்டை எடுப்போம், சண்டையை எடுப்போம், சில சமயம் காமெடியையும் எடுப்போம். பெரும்பாலான படங்களில் கவுண்டமணி வரும் பகுதியைத் தூக்கிவிட்டால் "காமெடி எங்கடா" என்று விசில் அடிப்பார்களே தவிர, கதை புரியாமல் யாரும் விழிக்க மாட்டார்கள். கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கும், வில்லன் அடிபடுவான், எல்லாம் ஒழுங்காக முடியும். ஆனால் 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடியபோது ஒரு நாள் நடுவில் அரை ரீலை எடுத்தேன். அவ்வளவுதான். கமலுக்கு அதில் நாலு வேடம், அதற்கப்புறம் திரையில் வருவது எந்தக் கமல் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கேபின் கதவைத் தட்டிவிட்டார்கள். எடுத்தால் கதையே நொண்டும் என்றால் அது காமெடிப் படம். எடுத்தாலும் கதை நடந்தால் அது காமெடி டிராக். எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான், இதைவிடப் பெரிய இலக்கணம் எதுவும் நான் படிக்கவில்லை.

டிராக்கை மட்டமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் ஊரில் பெரிய மரபு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் தங்கள் பகுதியைத் தங்கள் குழுவோடு தனியாகவே அமைத்து, அதைப் பெரிய கதையோடு கோத்த காலத்திலிருந்து வருவது. ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' 1959-ல் வந்த சோகப் படம். அதற்குள் தங்கவேலு எழுத்தாளர் என்று மனைவியிடம் அளந்துவிடும் பகுதி, மூலக்கதையின் அழுகையோடு ஒட்டாமலே அறுபது வருடத்துக்கு மேல் நிற்கிறது. 'கரகாட்டக்காரன்' 1989-ல் வந்தபோது, வாழைப்பழக் காட்சிக்காகவே சைக்கிளில் மூன்று பேர் உட்கார்ந்து வந்தார்கள். கவுண்டமணி, செந்திலுக்கு அந்தக் காலத்தில் காமெடி எழுதிக்கொடுத்த ஏ.வீரப்பன் பெயர் போஸ்டரில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அது ஒரு குறைதான். விஷயம் என்னவென்றால், போனில் துண்டாகப் பார்ப்பதற்கு டிராக்தான் பொருத்தம். மூன்று நிமிடத்துக்கென்றே செய்தது அது. அதை நம்பி முழுப் படத்துக்குள் இறங்கினால், இரண்டு காமெடிக்கு நடுவே நாற்பது நிமிடம் வேறொரு படம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா தூங்கியது அந்த நாற்பது நிமிடத்தில்தான்.

சரி, முழுப் படமாக எனக்குப் பிடித்தவற்றுக்கு வருகிறேன். முதலிடம் 'காதலிக்க நேரமில்லை'. 1964, ஸ்ரீதர் இயக்கம், அவரோடு கதையில் உட்கார்ந்தவர் சித்ராலயா கோபு. ஈஸ்ட்மன் கலரில் ஆழியாறு பங்களாவும் மலையும் இன்றைக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நான் வேலைக்குச் சேரும்போதே இருபது வருடப் பழைய படம். பழைய படங்களைக் குறைந்த டிக்கெட்டில் பகல் காட்சியாகப் போடுவோம், அப்படித்தான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பணக்கார எஸ்டேட் முதலாளி பாலையா. வேலை போன ரவிச்சந்திரன் பெரிய பணக்காரனின் மகன் என்று பொய் சொல்லி அவர் பெண்ணைக் காதலிக்கிறார், நண்பர் முத்துராமனை அப்பாவாக வேஷம் போட வைக்கிறார். முத்துராமன் காதலிக்கும் பெண்ணோ அதே வீட்டில் இருக்கிறாள். ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்கு மேல் இன்னொன்று. எந்த ரீலையும் எடுக்க முடியாது.

அந்தப் படத்தில் எல்லோரும் சொல்வது நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. பாலையாவின் மகனாக வரும் நாகேஷ், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்ற சினிமாக் கம்பெனிக்கு முதலாளி, அப்பாவிடம் கதை சொல்லிப் படத்துக்குப் பணம் வாங்கப் பார்க்கிறார். அதை எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கே இல்லை. வெகுநாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. கீழே சிரிப்பு கிளம்புவது நாகேஷ் சத்தம் போடும்போது இல்லை. பாலையாவின் முகம் மாறும்போது. நாகேஷ் கதவு கிறீச்சிடுவதை வாயால் செய்கிறார், காலடிச் சத்தத்தை வாயால் செய்கிறார். பாலையா பயப்படக் கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்து பயப்படுகிறார். ஊரையே விலைக்கு வாங்கும் மனுஷன், மகன் உளறுகிறான் என்று நன்றாகத் தெரிந்தவர், அந்த உளறலில் நம் கண்ணெதிரே மாட்டிக்கொள்கிறார். அவர் ஏமாளியாக இருந்தால் அந்தக் காட்சியில் ஒன்றும் இல்லை. கதை சொல்பவரை விடக் கேட்பவர்தான் அங்கே காமெடியன்.

இது உறைத்த பிறகு மற்றப் படங்களையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். வாழைப்பழக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். செந்தில் செய்வதெல்லாம் ஒரே பதிலைத் திரும்பச் சொல்வது. துடிப்பது கவுண்டமணி. முழுப் படம் என்று வரும்போது, ஏமாறுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு தூரம் சிரிப்பு ஓடும். முட்டாளை ஏமாற்றினால் ஒரு காட்சிக்குத்தான் வரும். கெட்டிக்காரரை ஏமாற்ற வேண்டுமென்றால் முழுப் படமும் தேவைப்படும். அது என் கணிப்புதான், எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

சித்ராலயா கோபுவே தன் நாடகத்தை 1972-ல் 'காசேதான் கடவுளடா' என்று படமாக எடுத்தார். பணப்பெட்டியைக் கையில் வைத்திருக்கும் சித்தியாக மனோரமா, போலிச் சாமியாராக வீட்டுக்குள் நுழையும் தேங்காய் சீனிவாசன். மனோரமா அந்த வீட்டில் ஒரு ரூபாய் அசைந்தாலும் கண்டுபிடிக்கிறவர் என்பதை முதலிலேயே நம்பவைத்துவிடுகிறார்கள். அதனால்தான் சாமியார் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. நாடக வாடை நிறையவே அடிக்கும், நாலு பேர் வரிசையாக நின்று பேசுவார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை, உங்கள் மகளுக்குப் படலாம்.

ஒன்பது வருடம் கழித்து அதே தேங்காய் சீனிவாசன் இந்தப் பக்கம் வந்து ஏமாறுகிறவராக உட்கார்ந்த படம் 'தில்லு முல்லு'. பாலசந்தர் இயக்கி, விசு வசனம் எழுதி, 1981-ல் வந்தது. ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல் மால்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். மீசை வைத்தவன்தான் ஒழுக்கமானவன், விளையாட்டைப் பார்க்கிறவன் உருப்படமாட்டான் என்று நம்பும் முதலாளி. கால்பந்து ஆட்டத்தில் அவர் கண்ணில் பட்டுவிட்ட ரஜினி, மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவனைக் கற்பனையில் பெற்றெடுக்கிறார். இந்தியில் உத்பல் தத் செய்தது சிறந்ததா, தமிழில் தேங்காய் செய்தது சிறந்ததா என்று கேட்டால் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தியை நான் வீட்டில் டிவியில்தான் பார்த்தேன். ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்காத காமெடிக்கு நான் மார்க் போடுவதில்லை. தேங்காய் ஒரே முறைப்பில் படம் முழுக்க வாழ்ந்துவிடுகிறார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ரஜினி மீசையில்லாமல் சுற்றும் காட்சிகளில் எங்கள் ஊர் ரசிகர் மன்றத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சிரித்தார்கள்.

இனி 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990 தீபாவளிக்கு வந்தது, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், க்ரேஸி மோகன் வசனம். கமல் நாலு பேர் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். கேபினிலிருந்து பார்த்த எனக்கு வேறொன்று பட்டது. முதல் வாரம் அந்தப் படத்தின் பாதி வசனம் யார் காதிலும் விழவில்லை. ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சிலேடை போய்விடும். கல்யாண விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, பாலக்காட்டுச் சமையல்காரக் காமேஸ்வரன் தவிக்கும் காட்சியில் மீனைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகப் புரட்டிப் புரட்டிப் பொரிக்கிறார்கள். கீழே கூரை பறந்துகொண்டிருக்கும், திரையில் வாய் மட்டும் அசையும். ஆகவே ஜனங்கள் விட்டுப்போனதைக் கேட்கத் திரும்ப வந்தார்கள். இரண்டாவது வாரத்தில் அதே முகங்களைப் பார்த்தேன். இன்றைக்கு வீட்டில் பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு லாபமும் நஷ்டமும் உண்டு: எல்லா வசனமும் தெளிவாகக் கேட்கும், ஆனால் நடுவில் மூச்சுவிடும் அந்தச் சிரிப்பு இடைவெளி இல்லாததால் சிலருக்கு வேகம் அலுத்துவிடும். இரண்டு தவணையில் பார்ப்பது நல்லது.

அதில் நாகேஷ் அவினாசி என்ற வேடத்தில் வருகிறார். முதலாளி கணக்கில் கைவைக்கும் ஆள், எல்லாவற்றையும் சமாளிக்கத் தெரிந்த ஆள். ஒரே முகத்தில் நாலு பேர் வந்து அவரைப் பந்தாடுகிறார்கள். 1964-ல் கதை சொல்லிப் பாலையாவை மிரட்டியவர், இருபத்தாறு வருடம் கழித்து பாலையாவின் நாற்காலியில் உட்கார்ந்து மிரள்கிறார். வேண்டுமென்றே செய்தார்களா தெரியாது, நான் அப்படிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன். கடைசியில் மலைவிளிம்பில் வீடு சாய்ந்தாடும் காட்சியைப் பார்த்துவிட்டு, சாப்ளின் 1925-லேயே 'தி கோல்ட் ரஷ்' படத்தில் இதைச் செய்துவிட்டார் என்று யாராவது மூக்கை நுழைப்பார்கள். உண்மைதான். அதனால் இங்கே சிரிப்பு குறைந்துவிடவில்லை.

எனக்குத் தனிப்பட்ட பாசம் 'ஆண்பாவம்' மேல். 1985, பாண்டியராஜன் இயக்கி அவரே நடித்தது, இளையராஜா இசை. பெண் பார்க்கப் போன அண்ணன் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறான். அந்த ஒரு தப்பிலிருந்து கதை முழுதும் கிளைக்கிறது. இதில் ஏமாற்றுகிறவர் யாருமில்லை, தப்பு மட்டும்தான் இருக்கிறது. அதனால் சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் மனசும் வலிக்கும். வி.கே.ராமசாமியின் முணுமுணுப்பு, கொல்லங்குடி கருப்பாயியின் பேச்சு, கிராமத்து ஓட்டல், கிராமத்துத் தியேட்டர் எல்லாமே எங்கள் ஊரைப் போலவே இருந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓட்டிய படம், அதனால் என் தராசு இங்கே சாய்ந்திருக்கலாம். இது தெரிந்துதான் முதலிடம் கொடுக்கவில்லை.

வடிவேலுவைச் சொல்லாமல் போனால் அடிக்க வருவார்கள். அவருடைய பெரும் சொத்து டிராக்குகள்தான். 2001-ல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த காண்டிராக்டர் நேசமணிக்காக, 2019-ல் உலகமே இணையத்தில் பிரார்த்தனை செய்தது. 'வின்னர்' கைப்புள்ளயும் அப்படித்தான். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஏமாறுகிறவரும் அவர்தான், தன்னைக் கெட்டிக்காரர் என்று நம்பி ஏமாற்றிக்கொள்கிறவரும் அவர்தான். எதிரே ஆளே தேவையில்லை. அந்த நம்பிக்கையை ஒரு அரியணையில் உட்காரவைத்து முழுப் படமாக்கினார் சிம்புதேவன், 2006-ல், 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'. அதில் இன்னொரு வடிவேலு நல்லவராக, வீரராக வருகிறார். அவர் வரும் இடங்களில் எங்கள் தியேட்டரில் முறுக்கு வியாபாரம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேபினை விட்டு இறங்கிய பிறகு, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்ததில் ஒன்றே ஒன்றை இந்த வரிசையில் வைப்பேன்: 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்', 2012. கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்ட மாப்பிள்ளைக்கு, கட்டிக்கப்போகிற பெண்ணே நினைவிலிருந்து போய்விடுகிறாள். கல்யாணம் நெருங்கிவிட்டது. இது ஒளிப்பதிவாளர் பிரேம்குமார் வாழ்க்கையில் நிஜமாக நடந்தது, படத்துக்கு ஒளிப்பதிவும் அவர்தான். "என்னாச்சு" என்று விஜய் சேதுபதி தொடங்கி அதே வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அதில் ஒரு ஜோக்கும் இல்லை. மூன்று நண்பர்கள் முகத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஐந்தாவது தடவைக்கு அப்புறம் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தியேட்டர் சிரித்தது. பாலையா காட்சியிலும் அப்படித்தான், நாகேஷ் எழுந்து நின்றாலே சிரிப்பு வந்துவிடும்.

'சபாபதி'யை விட்டுவிட்டீர்களே என்று யாராவது கேட்பார்கள். 1941-ல் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து ஏவி.எம் செட்டியார் எடுத்தது. டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும் எஜமானும் வேலைக்காரனுமாகச் செய்யும் கூத்து அருமை. தமிழின் முதல் முழுநீளக் காமெடி இதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். சின்னச் சின்ன நகைச்சுவைப் படங்களைச் சேர்த்து ஒரே காட்சியாகப் போடும் வழக்கம் முப்பதுகளிலேயே இருந்தது. அதோடு, இதை நான் தியேட்டரில் ஓட்டியதும் இல்லை, என் காதுக் கணக்குக்குள் வராது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் கேட்டது ஒரு ஊரின் சிரிப்பை மட்டும். மதுரையில் வேறு இடத்தில் சிரித்திருப்பார்கள், சென்னையில் வேறு. அது மட்டுமில்லை, கறுப்பு நிறத்தையும் குண்டு உடம்பையும் திக்குவாயையும் வைத்து அடித்த ஜோக்குகளுக்கு அன்றைக்குக் கூரை பறந்தது, நானும் கேபினில் சிரித்தேன். பெண்கள் பகுதியிலிருந்து அந்த இடங்களில் சத்தம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் வரவில்லை. அப்போது அதைக் கவனிக்கவில்லை. நான் சொன்ன படங்களிலும் அங்கங்கே அந்த வாடை உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண் கேள்வி கேட்பாள், கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் போடும் வரிசை இதுதான். முதலில் 'காதலிக்க நேரமில்லை', ஏனென்றால் அதில் அப்பாவுக்குப் பாட்டு இருக்கிறது, மகளுக்குக் கலர் இருக்கிறது, இருவருக்கும் புரியாத எதுவும் இல்லை. அது ஓடினால் அடுத்த வாரம் 'தில்லு முல்லு', அப்புறம் மைக்கேலை இரண்டு நாளாகப் பிரித்து. பேய்க் கதைக் காட்சி வரும்போது மட்டும் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, நீங்கள் திரையைப் பார்க்காமல் உங்கள் அப்பாவைப் பாருங்கள். அவர் அதை அறுபதுகளில் ஏதாவது ஒரு கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்திருப்பார்.